நிறத்தை நிறுக்கலாமா?

நேயர்களே, கண்ணால் மட்டுமே காணத்தக்க ஒன்றைப் பற்றிக் காதால் மட்டுமே கேட்பவர்களிடம் பேச முற்படுவது சற்று விநோதமான முயற்சிதான். ஆயினும் நான் இன்று சொல்லப்போவது நிறத்தின் அழகைப் பற்றியன்று. அதன் அளவைப் பற்றியே. அளவு என்பது எண். எண்ணை வானொலியிலே சொல்வதற்குத் தடை ஏதுமில்லை.

கடையிலே சீனி வாங்கினால் நிறுத்துத் தருகிறார்கள். சீலை வாங்கினால் மீற்றர்க் கோலால் அளந்து தருகிறார்கள். நூலின் பருமனுக்குக்கூட இலக்கம் உண்டு. ஆனால், அந்தச் சீலையின் விலையை ஏற்றவும் இறக்கவும் வல்ல நிறத்துக்கு மட்டும் பெரும்பாலும் சொற்களே அளவாக இருந்து வருகின்றன. அரக்குச் சிவப்பு, மாதுளம்பூச் சிவப்பு, கிளிப்பச்சை, மாந்தளிர் நிறம் என்று நம் முன்னோர் எத்தனை நுட்பமாகப் பெயரிட்டார்கள்! பெயர்கள் இனியவைதாம். ஆனால், வாங்குபவர் “மாதிரியிலும் பார்க்க இது மங்கல்” என்றும், நெய்தவர் “இல்லை, அதே நிறந்தான்” என்றும் வாதாடும்போது அப்பெயர்கள் எவருக்கும் சாட்சி சொல்வதில்லை.

இந்த வழக்கு நம் நாட்டுக்குப் புதியதன்று. சாயவேர் என்றொரு சிறுசெடியின் வேரைப் பற்றி நேயர்களுட் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மணற்பாங்கான நிலத்திலே படர்ந்து வளர்வது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலே தோண்டி எடுக்கப்பட்ட இவ்வேர், அவர்களுடைய கும்பனியின் தனியுரிமைப் பொருளாயிருந்தது. கடல் கடந்து சோழமண்டலக் கரையை அடைந்து, அங்கே துணிகளைச் சிவப்பாக்கிற்று. படிகாரம், அதாவது நம் பக்கத்தார் சீனக்காரம் என்று சொல்லும் பொருள், முதலிலே துணியிற் பற்றியிருந்தால்தான் வேரின் செம்மை துணியிலே நிலைக்கும். வேர் நல்லதா, சாயம் ஏறியதா என்பதைத் தீர்மானித்தவை கண்களே. வெயிலில் குனிந்து வேர் தோண்டியவனுடைய கண் அந்தத் தீர்ப்பிலே எண்ணப்படவில்லை என்பதை நாம் ஊகிக்கலாம். விலை சொல்பவனுடைய கண்தான் எக்காலத்தும் கூரிய கண்.

அவ்வேரிலுள்ள செந்நிறப் பொருளுக்கு அலிசரின் என்று பெயர். 1868இல் ஜேர்மனியைச் சேர்ந்த கிறேபே, லீபர்மான் என்னும் இருவர் அதனை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு ஆய்கூடத்திலே செய்து காட்டினர். பின்னர் சில ஆண்டுகளுள் ஆலைச் சாயம் மலிவாக வந்தது. வேர்ச் சாயங்களின் வணிகம் சரிந்தது. ஆலைச் சாயம் வந்தபோது நிறத்துக்கு அளவு காணவேண்டிய தேவையும் கூடவே வந்தது. ஆயிரம் பாகம் துணி ஒரே நிறமாக இருத்தல் வேண்டுமல்லவா?

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கிழக்கிலே கைத்தறி என்றால் மருதமுனையின் பெயரே முதலில் நாவில் வரும். ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் தறியோசை கேட்கும் வீடுகள் உண்டு. என்னிடம் படித்த பெண்ணொருவர் அத்தகைய வீடொன்றிலே சேலை நெய்கிறார். நூலை வாங்கித் தாமே சாயமிடுகிறார். வெளியூர் வியாபாரி ஒருவர், கேட்டு வாங்கிய சிவப்புச் சேலைகளிற் பாதியை, “மாதிரியிலும் பார்க்க நிறம் குறைவு” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு மாத உழைப்பு அது. அப்பெண் பாடசாலைக்கு வந்து, “அவருடைய கண்ணுக்கு ஒரு நிறம், என்னுடைய கண்ணுக்கு ஒரு நிறம். கண்ணை எங்கே கொண்டுபோய் நிறுப்பது, சேர்?” என்று கேட்டார்.

கலைப் பட்டதாரியாகிய எனக்கு அக்கேள்வி எளிதாயில்லை. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களின் துணையோடு நான் தெரிந்துகொண்டவற்றையே இங்கு கூறுகிறேன்.

கண் ஏன் ஏமாறுகிறது? கண்ணில் நிறம் உணரும் உயிரணுக்கள் மூவகை. அவை அனுப்பும் செய்தியை மூளை அப்படியே ஏற்பதில்லை. சுற்றுப்புறத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. மஞ்சள் ஒளி வீசும் மின்குமிழின் கீழும் வெள்ளைக் கடதாசி நமக்கு வெள்ளையாகத் தோன்றுவது இதனாலேயே. வாழ்க்கைக்கு இது பேருதவி, வியாபாரத்துக்குத் தொல்லை. அன்றியும், நேற்றுக் கண்ட நிறத்தை இன்று நினைவில் வைத்து ஒப்பிடுவதில் மனித மனம் மிகவும் வலியற்றது.

கைத்தொலைபேசியிலுள்ள கமரா திருத்திக்கொள்ளாதா என்றால், அதுவும் திருத்துகிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். கமராவின் உள்ளே ஒளியை உணரும் மிகச் சிறு கட்டங்கள் பல இலட்சம் உள்ளன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒரு நிற வடி கண்ணாடிபோல் மூடியிருக்கிறது. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் என்பவருக்கு 1976இல் காப்புரிமை வழங்கப்பட்ட ஒழுங்கு இது: ஒரு சிவப்புக்கும் ஒரு நீலத்துக்கும் இரண்டு பச்சை. இவற்றிலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், மூன்று எண்கள் கிடைக்கின்றன. ஒவ்வோர் எண்ணும் 0 தொடக்கம் 255 வரை. மூன்றும் 0 ஆனால் கருமை. மூன்றும் 255 ஆனால் வெண்மை. நாம் படம் என்று பார்த்து மகிழ்வது உண்மையில் எண்களால் நிரம்பிய ஒரு பெரிய அட்டவணையே.

இந்த எண்களைப் படித்துக் காட்டும் கணனிச் செய்நிரல்கள் பல. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிலே பணிபுரிந்த வெய்ன் றாஸ்பண்ட் என்பவர் ஆக்கி, 1997இல் வெளிவந்த இமேஜ்ஜே அவற்றுள் ஒன்று. பணம் கொடாமலே பெறலாம். நுணுக்குக்காட்டிப் படங்களுக்காகப் பிறந்தது, சேலைக்கும் உதவுகிறது. படத்திலே துணியின் ஒரு பகுதியைச் சதுரமாகக் குறித்தால், அதனுள் அடங்கிய ஆயிரக்கணக்கான புள்ளிகளின் சராசரி எண்ணையும், அவை தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் அது கூறும். நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள சிறு நிழல்கள் சராசரியிலே கரைந்துபோகும்.

இங்கே பலர் தடுமாறும் இடமொன்று உண்டு. சிவப்புத் துணியின் செறிவை அறிய எந்த எண்ணைப் பார்ப்பது? சிவப்பு எண்ணையே என்று மனம் சொல்லும். அஃது அன்று. சிவப்புச் சாயம் சிவப்பொளியை விட்டுவிடுகிறது. பச்சையொளியையும் நீலவொளியையுமே விழுங்குகிறது. சாயம் கூடக்கூடப் பச்சை எண்தான் வீழ்கிறது; சிவப்பு எண் அதிகம் அசைவதில்லை. ஆகவே சிவப்புத் துணிக்குப் பச்சை எண், மஞ்சள் துணிக்கு நீல எண், அவுரி நீலத்துக்குச் சிவப்பு எண். சாயம் எதைத் தின்கிறதோ அதையே எண்ணவேண்டும்.

அடுத்தது அதனினும் நுட்பமானது. 255இற் பாதி ஏறத்தாழ 128. எனவே 128 என்று காட்டும் இடம் பாதி ஒளியைத் தெறிக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவ்விடத்து ஒளி 22 வீதமே. பாதி ஒளிக்குரிய எண் 188. கண் இருளிலுள்ள வேறுபாடுகளை நுட்பமாக உணர்வதால், இருள் பக்கத்துக்கு அதிக எண்கள் ஒதுக்கும்படி படங்களின் எண்முறை அமைக்கப்பட்டிருக்கிறது. 1999இல் அது சர்வதேச நியமமாயிற்று. ஆதலின் எண்ணை ஒளியாக மாற்றாமற் கணக்குச் செய்யலாகாது. அருகிலே வைத்த வெள்ளைக் கடதாசியின் எண்ணால் துணியின் எண்ணை வகுத்து, வந்ததை 2.2 என்னும் அடுக்குக்கு உயர்த்தினால், கடதாசியோடு ஒப்பிடத் துணி எவ்வளவு ஒளியைத் தெறிக்கிறது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். விஞ்ஞான முறைக் கணிகருவி இதனை ஒரு நொடியிற் செய்யும்.

தெறிக்கும் ஒளி தெரிந்தபின், துணியிலே சாயம் எவ்வளவு என்பதை அறிய இன்னும் ஒரு படி ஏறவேண்டும். 1931இல் குபெல்கா, முங்க் என்னும் இருவர் வண்ணப்பூச்சுகளுக்காகக் கண்ட சூத்திரத்தையே புடைவை ஆலைகள் இன்றும் கையாளுகின்றன. ஒன்றிலிருந்து தெறிப்பைக் கழியுங்கள். மீதியைத் தன்னாலேயே பெருக்குங்கள். தெறிப்பின் இருமடங்கால் வகுங்கள். இவ்வெண் சாயத்தின் அளவுக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் நிற்கும். பாதி ஒளியைத் தெறிக்கும் துணிக்கு 0.25 வரும். காற்பங்கைத் தெறிப்பதற்கு 1.125. அதாவது தெறிப்பு பாதியாகக் குறைய, சாயம் நாலரை மடங்கு வேண்டியிருக்கிறது. பத்திலொரு பங்கைத் தெறிக்கும் அடர்ந்த துணிக்கு 4.05. கடுஞ்சிவப்புச் சேலை ஏன் விலை கூடியது என்பதை இந்தச் சிறு கணக்கு எனக்கு நன்கு விளக்கியது.

ஓர் உதாரணத்தை எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். வெள்ளைக் கடதாசியின் பச்சை எண் 240. மாதிரித் துணியுடையது 100. வந்து சேர்ந்த துணியுடையது 110. பத்துத்தானே வேறுபாடு, 255இற் பத்து நூற்றுக்கு நான்கு என்று வியாபாரியிடம் வாதாடத் தோன்றும். ஆனால் கணக்கின்படி மாதிரியின் தெறிப்பு ஏறத்தாழ 0.146, மற்றதனுடையது 0.180. சூத்திரத்திலே இட்டால் முதலாவதற்கு 2.5, இரண்டாவதற்கு 1.87. அதாவது சாயம் காற்பங்கு குறைவு! எண்ணில் நான்கு வீதம், சாயத்தில் இருபத்தைந்து வீதம். படத்தின் எண்ணை அப்படியே எடுத்து “நூற்றுக்கு இவ்வளவு” என்று பேசுவோர் இரு பக்கத்தையும் ஏமாற்றுகிறார்கள். நுட்பமாகச் செய்வதாயின் சாயமிடாத துணிக்குரிய எண்ணையும் கழித்துவிட வேண்டும்.

இனி, கமரா திருத்திக்கொள்ளும் என்று முன்னர்ச் சொன்ன சங்கதி. கைத்தொலைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். வெள்ளை இதுவென்று தானாகவே ஊகித்து மற்ற நிறங்களை நகர்த்தும். படம் கவர்ச்சியாயிருக்கவேண்டுமென்று செம்மையை மிகைப்படுத்தவும் கூடும். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் எடுத்து எண்களை ஒப்பிடுவது, ஒவ்வொரு முறையும் படிக்கல்லை மாற்றிக்கொண்டு நிறுப்பதைப் போன்றது. இதற்கு மருந்து ஒன்றே: மாதிரியும் துணியும் வெள்ளைக் கடதாசியும் ஒரே படத்துக்குள் அருகருகே இருக்க வேண்டும். கமரா எப்படித் திருத்தினாலும் மூன்றையும் ஒருசேரத்தான் திருத்தும்; அவற்றுக்கிடையே உள்ள ஒப்புமை பெரும்பாலும் தப்பிவிடும். தனித்து நிற்கும் எண் துணியையும் ஒளியையும் கமராவையும் சேர்த்துச் சொல்வது; பக்கத்திலே சாட்சி இருந்தால்தான் அது துணியைப் பற்றி மட்டும் பேசும்.

வெள்ளைக்குச் சாட்சியாகப் பிள்ளைகளின் சீருடைத் துணியை வைக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். இக்காலச் சலவைத்தூளிலே துணியை வெளுப்பாகக் காட்டும் ஒருவகைப் பொருள் சேர்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கதிரை விழுங்கி நீலவொளியாக உமிழும். வெயிலில் ஒரு வெண்மை, அறைக்குள் வேறொரு வெண்மை காட்டும். பளீரென்ற விலையுயர்ந்த கடதாசியிலும் இக்குறை உண்டு. ஒளிப்படக்காரர் வைத்திருக்கும் சாம்பல் நிற அட்டை கிடைத்தால் மிக நன்று. கடதாசிக்குப் பதிலாக அதனை வைப்பவர் அட்டையில் எழுதியுள்ள தெறிப்பு வீதத்தால், வழக்கமாக 18, பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த ஒளியில் எடுப்பது? ஐரோப்பிய நூல்கள் வடக்கு யன்னலைப் புகழும். அவர்களுக்கு வடக்கு யன்னலில் நேர்வெயில் அரிது. திருகோணமலையோ வட அகலக்கோடு எட்டரைப் பாகையிலே இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் முடிவு வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. புத்தகத்தை நம்பி வடக்கு யன்னலைத் திறந்தால் கச்சான் காற்றோடு வெயிலும் உள்ளே வரும். மெல்லிய முகிற்கூட்டம் மூடிய காலைப்பொழுதில் திறந்தவெளியும், மற்றை நாட்களில் விறாந்தை நிழலும் ஏற்றவை. ஆனால் பக்கத்திலே வேப்பமரம் இருந்தால் அதன் பசுமை துணியில் விழும். நீலச் சுவர் இருந்தால் நீலம் விழும். மின்வெளிச்சத்தையும் பகலொளியையும் கலக்கவே கூடாது. கமராவின் மின்னொளியையும் பாவிக்கக் கூடாது.

துணி உலர்ந்திருத்தல் அவசியம். ஈரத்துணி கருத்துத் தோன்றும்; நாருக்கிடையே காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புவதால் ஒளி சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. தொட்டியிலிருந்து எடுத்தவுடன் பார்த்து மகிழ்ந்த நிறம் கொடியிலே உலர்ந்தபின் குறைந்துபோவதை நெசவாளர் எல்லாரும் அறிவர். மெல்லிய துணியானால் நான்காக மடித்து, கீழே உள்ள மேசையின் நிறம் ஊடுருவாமற் செய்க. சுருக்கம் நீக்குக. மாதிரியையும் துணியையும் ஒரே திசையில் நூல் ஓடும்படி வைக்க. கமராவை நேர் மேலே பிடித்து, உங்கள் நிழல் விழாது பார்த்துக்கொள்க. வெள்ளைக் கடதாசி 255ஐத் தொட்டுவிட்டால் அப்படம் பயனற்றது. ஒளி வழிந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஒரு படம் எடுத்தபின், மாதிரியையும் துணியையும் இடம் மாற்றி மறுபடியும் எடுக்கவேண்டும். வேறுபாடு துணியோடு இடம்பெயர்ந்தால் அது துணியின் வேறுபாடு. இடத்திலேயே நின்றுவிட்டால் அது வெளிச்சத்தின் வேறுபாடு. இந்த ஒரு சோதனை மற்ற எச்சரிக்கை எல்லாவற்றிலும் மேலானது என்பது என் எண்ணம். பின்னர் அப்படத்தைத் தொலைபேசிச் செய்தியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் போகும். கோப்பாகவே அனுப்புதல் வேண்டும்.

அப்பெண்ணின் சேலைகளை இவ்வாறே எங்கள் பாடசாலை விறாந்தையில் வைத்துப் பார்த்தோம். வந்த முடிவு ஒருவருக்கும் முழு வெற்றியாயில்லை. திரும்பி வந்தவற்றுட் சில மாதிரியோடு ஒத்திருந்தன. அவற்றைத் திருப்பியது நியாயமன்று. மற்றவை உண்மையிலேயே மங்கல். இரண்டாம் முறை சாயமிட்ட நூலில் நெய்தவை அவை. படங்களையும் எண்களையும் அனுப்பியபின், வியாபாரி ஒத்திருந்தவற்றை ஏற்றுக்கொண்டார். மற்றவை குறைந்த விலைக்குப் போயின. ஒரு தறிக்காரி தன் கையிலுள்ள கைத்தொலைபேசியைக் கொண்டு, முன்பு பேரம் பேச இயலாத இடத்திலே பேரம் பேசினார். இப்போது அவர் ஒரு கட்டளைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தொட்டியிலேயே சாயமிடுகிறார்.

நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் இதே முறையால் அறியலாம். துணியின் ஒரு கீலத்திற் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயிலிலே கட்டிவைத்து, வாரத்துக்கொரு முறை இரு பாதிகளையும் ஒரே படத்தில் எடுத்து எண்களைக் குறித்து வரலாம். ஆலைகளில் இதற்கு 1 தொடக்கம் 8 வரை தரமிட்ட நீலக் கம்பளித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து வெளுக்கவிடுவர். மஞ்சட் சாயம் நம் கடற்கரை வெயிலில் விரைந்து ஓடிவிடும். மாணவருக்கு இது நல்ல சோதனை. ஆனால் மஞ்சள் தோய்ந்த துணியைச் சவர்க்காரத்தால் கழுவிவிட்டுப் படமெடுத்தால் எண்கள் குழம்பும். காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கும். சாயம் அங்கேயே இருக்கும், நிறம் மாறியிருக்கும்.

இம்முறையின் எல்லைகளையும் சொல்லவேண்டும். பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் நிறமாலைமானி என்னும் கருவியைப் பாவிக்கின்றன. அது மூன்று எண்ணோடு நில்லாமல், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தெறிப்பை அளக்கும். 1976இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு வகுத்த முறைப்படி இரண்டு நிறங்களுக்கிடையேயுள்ள தூரத்தை ஒரே எண்ணாகவும் கூறும். அத்தூரம் ஒன்றளவிலே இருந்தால் பயின்ற கண்ணும் அரிதாகவே வேறுபாடு காணும். பகலில் ஒத்துத் தோன்றி மின்குமிழின் கீழ் வேறாகிவிடும் இரு சாயங்களை அக்கருவி காட்டிக்கொடுக்கும். கைத்தொலைபேசி பல வேளைகளில் தவறவிடும். பெருந்தொகையான பொருள் வழக்கிலே சிக்கினால் கருவியுள்ள ஆய்கூடத்தையே நாடவேண்டும்.

மாதிரித் துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டளை எடுக்கும்போதே அதனை இரண்டாக வெட்டி, இரு பகுதியிலும் திகதியிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளல் வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்ட மாதிரி தானே வெளுத்துவிடும். கறுப்புக் கடதாசியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்ததே மாதிரி.

எல்லாத் துணியும் இந்த அளவுக்கு அடங்குவதில்லை. மயிற்கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒரு பக்கம் நின்று பார்த்தால் நீலம், மறுபக்கம் நின்று பார்த்தால் பச்சை. நேர் மேலேயிருந்து எடுத்த படம் இரண்டையும் கலந்து, எவர் கண்ணும் காணாத ஒரு நிறத்தின் எண்ணைத் தரும். அத்தகைய துணியை இரு பக்கமும் சாய்வாக நின்று படமெடுத்து, நின்ற பக்கத்தையும் நூல் ஓடும் திசையையும் குறித்து, இரண்டு எண்களையும் எழுதி வைப்பதே கைத்தொலைபேசியால் இயலும் வழி.